கப்பலின் அடியில் ஒட்டி வருபவை

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக்கும் மரவள்ளிக்கும் இடும் பொட்டாஷ் உரத்தில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அதனால் கப்பலின் அடிப்பாகம் சுத்தமாக இருக்கிறதா என்பது கல்வராயன் மலையடிவார விவசாயிக்கும் சம்பந்தமுள்ள கேள்விதான்.

ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

கடல்நீரில் கிடக்கும் இரும்பில் முதலில் வழவழவென்று பாசி படரும். பிறகு கொட்டலசு, ஆழி போன்ற ஓட்டுயிர்களும் ஒட்டிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் பாசி அடிப்பாகத்தின் பாதியை மூடினாலே, அதே வேகத்தில் போக 20 சதவீதத்துக்கும் கூடுதலான எரிபொருள் செலவாகலாம். புகையும் கூடும், சரக்குக் கட்டணமும் ஏறும்.

சோதனை எப்படி நடக்கிறது?

சரக்குக் கப்பலின் அடிப்பாகத்தை 5 ஆண்டுகளில் இரண்டு முறையாவது சோதிக்க வேண்டும். இடைவெளி 36 மாதங்களைத் தாண்டக்கூடாது. பொதுவாக 15 வயதுக்குள் இருக்கும் கப்பல் என்றால், ஒரு சோதனையை உலர்துறையில் ஏற்றாமல் நீருக்கடியிலேயே முடிக்கலாம். முதலில் எஞ்சினை நிறுத்தி, யாரும் தெரியாமல் இயக்கிவிடாதபடி பூட்டுவார்கள். நீர் உறிஞ்சும் பம்புகளையும் நிறுத்துவார்கள். முக்குளிப்பவரின் உயிர் இதில்தான் இருக்கிறது. மேலிருந்து குழாய்வழி காற்று வர, தலைக்கவசக் கேமராவோடு அவர் இறங்குவார். புரொப்பெல்லர், சுக்கான், பற்றவைப்பு இணைப்புகள், துருவைத் தடுக்கும் துத்தநாகக் கட்டிகள் எல்லாவற்றையும் காட்டுவார். மேலே கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் திரையில் பார்த்து, எதை இன்னும் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று சொல்வார்.

சுரண்டியது எங்கே போகிறது?

அடிப்பாகத்தில் ஒட்டியதைச் சுத்தம் செய்யச் சுழலும் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால், உயிர்கள் ஒட்டாதிருக்கப் பூசிய பூச்சிலுள்ள செம்பு நஞ்சும் உரிந்து கடலில் கலக்கும். ஒட்டி வந்த உயிரினங்களும் துறைமுகத்திலேயே உதிரும். அயல்நாட்டு உயிர் ஊன்றினால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் மீனவர்களிடம் கேட்க வேண்டும். தென், மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மட்டியை அவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அது கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய்போல் படர்ந்து, இறால் பதுங்கும் சேற்றை மூடிவிட்டது. கப்பலின் அடியிலோ, கப்பல் நிறை சமன்படுத்த ஏற்றிய நீரிலோ வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் திருத்திய வழிகாட்டுதல், சுரண்டியதை உறிஞ்சி வடிகட்டிக் கரையேற்றச் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், சட்டமல்ல. கழிவைச் சேகரிக்கும் கருவி இல்லாமல் சுத்தம் செய்ய நம் துறைமுகங்கள் அனுமதிக்கக் கூடாது. கப்பல் மிச்சப்படுத்தும் எரிபொருளுக்கு ஆற்றை நம்பியிருப்பவர் விலை கொடுப்பது நியாயமில்லை.