மிச்சம் பிடிக்கப் போய் கியர் பொக்ஸைப் பறிகொடுத்த கதை

டீசலுக்கு நாம் கணக்கு வைக்கிறோம். டயருக்கு, டிரைவர் சம்பளத்துக்கு, வழியில் குடிக்கும் தேநீருக்குக் கூட கணக்கு வைக்கிறோம். ஆனால் வண்டியின் கியர் பொக்ஸ் சூடாவதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அந்தச் செலவு மாதா மாதம் பில் போட்டு வராது. வருகிற நாளில் மொத்தமாக வரும். எனக்கு அது பூநகரி தாண்டி, ஆளரவமில்லாத வீதியில் வந்தது.

பழைய வண்டியை வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களுக்கு உதவும் என்றுதான் என் முட்டாள்தனத்தை இங்கே எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. ஆனாலும் வரியோடு வரும் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. எனவே பதினைந்து, இருபது வருட வண்டிதான் இன்றும் நமக்குச் சோறு போடுகிறது. என்னுடையதும் அப்படிப்பட்ட ஓட்டோ கியர் டபுள் கெப்.

கொழும்புத்துறையில் பாவித்த ஃபைபர் படகுகளை வாங்கி, திருத்தி, புத்தளம், கற்பிட்டிப் பக்கம் விற்பது என் தொழிலில் ஒரு பகுதி. மேற்குக் கரையில் சோளகம் ஓய்ந்து கடல் அடங்கும் காலத்துக்கு முன் படகு போய்ச் சேர வேண்டும். அந்த வருடம் செப்டெம்பர் கடைசியில் கற்பிட்டி மீனவர் ஒருவர் முற்பணம் தந்து, வெள்ளிக்கிழமைக்குள் படகு வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். அதோடு இன்னொரு படகும் மலிவாகக் கிடைத்தது. இரண்டையும் ஒரே ட்ரெய்லரில் ஏற்றினால் ஒரு பயணத்தின் டீசல் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது.

கொழும்புத்துறைக் கரை சேறும் மணலும் கலந்தது. ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி, படகுகளை ஏற்றி, 'டி'யில் போட்டு இழுத்தேன். சில்லு புதைந்தது. அரை மணி நேரம் முன்னும் பின்னும் உறுமிய பிறகுதான் வண்டி மேலே வந்தது. பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, ஓட்டோ வண்டியை இப்பிடி இழுத்தா உள்ளுக்க ஒயில் வேகும். இண்டைக்கு ஒண்டைக் கொண்டு போங்கோ. மற்றதை நாளைக்கு வந்து ஏத்துங்கோ" என்றார்.

"இது எல்லாம் தாங்கும் அண்ணை" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

நாவற்குழி தாண்டி, கேரதீவு வழியாக, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. மேடே இல்லாத வீதி. ஆனாலும் படகுகள் பாய் மாதிரி காற்றைப் பிடித்தன. வண்டி மேல் கியருக்குப் போவதும் கீழே விழுவதுமாகத் தடுமாறியது. நான் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காலை அழுத்தினேன். முழங்காவிலுக்கு முன்பே எரிந்த மணம் வந்தது. எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை.

உள்ளே நடந்தது என்ன?

இழுத்துக் கொண்டுவந்த வண்டியைத் திறந்து காட்டியவரும் அதே பெரியவர்தான். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுப்பாக வடிந்தது. "மணந்து பாருங்கோ" என்றார். மணக்கத் தேவையே இருக்கவில்லை.

ஓட்டோ வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் டோர்க் கன்வேர்ட்டர் இருக்கிறது. எஞ்சினின் சக்தி ஒயில் வழியாகத்தான் கடந்து போகிறது. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மெதுவாக, பாரத்தோடு இழுக்கும்போது ஒரு பக்கம் வேகமாகச் சுற்றும், மறுபக்கம் பின்தங்கும். அந்த வித்தியாசம் அத்தனையும் வெப்பமாக மாறும். வேகம் பிடித்து மேல் கியரில் ஓடும்போது உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும், சூடு குறையும். என் வண்டி காற்றோடு மல்லுக்கட்டியபோது அந்தப் பூட்டு நிலைக்கவே இல்லை. ஆக, சூட்டுக்கு மலை ஏற வேண்டும் என்பதில்லை. சேற்றுக் கரையும் எதிர்க்காற்றும் போதும்.

ஒயில் 80, 90 பாகை செல்சியஸில் ஓடுவது வழமை. அதற்கு மேல் சுமார் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்மாரின் பழைய கணக்கு. 120ஐத் தாண்டினால் ஒயில் கருகத் தொடங்கும். இன்னும் ஏறினால் ரப்பர் சீல் இறுகும், கிளட்ச் தகடு எரியும். டாஷ்போர்டில் விளக்கு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

என் வண்டியில் இன்னும் இரண்டு குறை இருந்தது. இந்த ஒயில் ரேடியேற்றருக்குள் இருக்கும் சிறு கூலர் வழியாகப் போய்த்தான் ஆறுகிறது. நானோ யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றி வந்தவன். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தலில் படிவது போல அங்கும் படிந்திருந்தது. உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கி ட்ரெய்லரின் சில்லு பெயாரிங் துருப்பிடித்து, தானே ஒரு பிரேக் போல இழுத்துக்கொண்டிருந்தது.

பாரத்தின் கணக்கு

பிறகு தராசில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு டன் என்று நான் நினைத்தது ட்ரெய்லர், எஞ்சின், வலை, கயிறோடு இரண்டு டன்னைத் தொட்டது. வண்டியின் புத்தகம் சொன்ன எல்லை ஒன்றரை.

அந்த எல்லையும் புது வண்டிக்குத்தான். அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்ற பொறியியலாளர் அமைப்பு 2008இல் கொண்டுவந்த இழுவை விதிப்படி, அரிசோனாவின் டேவிஸ் அணைக்கட்டு மேட்டில், 38 பாகை வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு சுமார் 18 கிலோமீற்றர் ஏறிக் காட்ட வேண்டும். ஏறுவது புது வண்டி, சுத்தமான கூலர். நம் இருபது வருட வண்டிக்குப் புத்தகத்து எண்ணில் ஒரு பங்கைக் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் செய்வது

ரேடியேற்றருக்கு முன்னால் தனியாக ஒரு ஒயில் கூலர் பூட்டியிருக்கிறேன். ரேடியேற்றரைச் சுத்தம் செய்து, கூலன்ட் மட்டுமே ஊற்றுகிறேன். ஒயில் சூட்டைக் காட்டும் சிறு மீற்றர் கண் முன்னால் இருக்கிறது.

கரையில் இருந்து இழுக்கும்போது ஃபோர் வீலின் 'லோ'வில் போடுகிறேன். கன்வேர்ட்டருக்குச் சுமை வெகுவாகக் குறைகிறது. வீதியில் பாரத்தோடு போகும்போது ஓவர் டிரைவை அணைத்துவிடுகிறேன். டீசல் கொஞ்சம் கூடும், கியர் தடுமாறாது.

மீற்றர் 115ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, 'என்'னில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் சற்றே உயர்த்தி ஓடவிடுகிறேன். அணைத்தால் ஒயில் சுற்றாது, சூடு உள்ளேயே நிற்கும்.

பாரம் இழுக்கும் வண்டிக்கு 40,000 கிலோமீற்றருக்கு முன்பே ஒயிலை மாற்றுகிறேன், கம்பனி குறிப்பிட்ட வகையிலேயே. தண்ணீரில் இறங்கிய ட்ரெய்லரின் பெயாரிங்கை நல்ல தண்ணீரால் கழுவி கிரீஸ் வைக்கிறேன்.

கை கியர் வண்டிக்காரர்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அரைக் கிளட்சில் இழுத்தால் அதே சூடு கிளட்ச் தட்டில் போய் நிற்கும்.

கடைசியாகக் கணக்கு. இரண்டாவது பயணத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஏழு பயணங்களின் லாபத்தை கியர் பொக்ஸுக்குக் கொடுத்தேன். அதுவாவது பணம். வெள்ளிக்கிழமை படகு போகவில்லை. கற்பிட்டிக்காரரிடம் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் ஏசவில்லை. பருவத்தின் முதல் இரண்டு வாரமும் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனதாக மட்டும் சொன்னார். அடுத்த வருடம் அவர் என்னிடம் படகு கேட்கவில்லை.

பாரம் ஏற்றும் முன் நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை போவது நஷ்டமில்லை.