கொட்டமுத்துக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? தெரியுமா?

தருமபுரி மாவட்டத்து நிலக்கடலைக் காட்டு ஓரங்களில் ஆமணக்குச் செடி பார்த்திருப்பீர்கள். முள்ளு முள்ளான காயை உடைத்தால் உள்ளே மூன்று கொட்டமுத்து, மேலெல்லாம் பழுப்புப் புள்ளியோடு! வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் ஊற்றிய பாட்டிக்கே தெரியாத சேதி இது: அந்த எண்ணெயைப் பக்குவம் செய்து எடுத்த பொருள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் விழுங்கும் கேப்சூலுக்குள் இருக்கிறது!

அது அங்கே எதற்கு என்று பார்க்கும் முன் ஒரு கேள்வி: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்றுதானே படித்தோம்? ஒட்டும்! 1943-இல் ஹோர், ஷுல்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இரண்டும் கலந்து கண்ணாடிபோலத் தெளிந்த திரவத்தைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதற்கு ‘மைக்ரோ எமல்ஷன்’ என்று பெயர் வந்தது எப்போது தெரியுமா? 1959-இல்! குழந்தை பிறந்து 16 வருஷம் கழித்துப் பெயர்சூட்டு விழா!

பால்போல வெளுப்பாக ஏன் இல்லை? துளிகள் அவ்வளவு பொடிசு! பெரும்பாலும் 10 முதல் 100 நானோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400-இல் ஆரம்பிக்கிறது. மத்தால் கடையவும் வேண்டாம். சேர்மானம் சரியாக இருந்தால் தானே உருவாகிவிடும்!

கணக்குப் போடலாமா? ஒரே ஒரு மில்லி எண்ணெயை 20 நானோமீட்டர் துளிகளாக உடைத்தால், சுமார் 2,400 கோடி கோடி துளிகள்! அத்தனையின் மேற்பரப்பையும் விரித்தால் 300 சதுர மீட்டர். ஏழு சென்ட் மனையை மூடிவிட்டு மிச்சமும் இருக்கும்!

இனி அந்தக் கேப்சூல். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிரி என்று விரட்டாமல் தடுக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். 1969-இல் சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனியின் ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நார்வே போனபோது அள்ளி வந்த மண்ணில் இருந்த பூஞ்சை தந்தது! ஆனால் தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம். குடல் உறிஞ்சும் அளவும் ஆளுக்கு ஆள் மாறியது. தீர்வு? 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘நியோரல்’! மக்காச்சோள எண்ணெய்ச் சரக்கு, எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கலப்பான், கொஞ்சம் ஆல்கஹால். தண்ணீர் மட்டும் சேர்ப்பதில்லை! வயிற்றுக்குள் இருக்கும் நீர் பட்டதும் மைக்ரோ எமல்ஷன் அங்கேயே தயார். மருந்துக் கம்பெனி பாதி வேலையை நம் குடலிடமே விட்டுவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான்!

அரூர் பக்கத்து மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கும் இதே தண்ணீர்ப் பகை! அதையும் இந்தத் துளிகளில் ஏற்றிப் பார்க்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய சைக்ளோஸ்போரினும் மைக்ரோ எமல்ஷன் வகையும் ஒரே மருந்துதான், ஆனால் ரத்தத்தில் ஏறும் அளவு வேறு. டாக்டரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கி விழுங்கிவிடாதீர்கள்!