மயில்மேல் அமர்ந்த மனிதர்

தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகன் அவமானப்படும்போது நாமும் கலங்கிப் போகிறோம். 1987-இல் இராமாயணத் தொடர் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பெட்டிக்கே மாலை சூட்டிக் கும்பிட்டவர்கள் உண்டு. கானகம் ஏகும் இராமன் முகத்தில் வாட்டமில்லையே என்று வியந்தார்கள். அந்நடிகரின் துன்பமெல்லாம் வேடம் கலைந்ததும் முடிந்துவிடும். வேடம் கலைந்த பின்னரே அவமானம் தொடங்கிய நடிகர் ஒருவர் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்திருக்கிறார்.

சிவகாசி என்றால் பட்டாசு, தீப்பெட்டி, நாட்காட்டி என்போம். அவை எவையும் அவ்வூருக்கு வருமுன்னர், 1886-இல், அங்கே மருத்துவர் குலத்தில் பிறந்தவர் தியாகி விசுவநாததாஸ். முடிதிருத்துதல் அக்குலத்தாரின் தொழில். 1899-இல் கோயில் நுழைவை ஒட்டிச் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டபோது அவர் பதின்மூன்று வயதுச் சிறுவர்.

அக்காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' விசித்திரமான ஏற்பாடு. நிரந்தரக் கம்பெனி கிடையாது. கூட்டு ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் தர்க்கமும் இருவருக்கும் மனப்பாடமாக இருப்பதால், மேடையில் முதன்முறை சந்தித்தாலும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடந்தேறும். ஆனால் எதிரே நடிக்க ஒருவர் சம்மதிக்க வேண்டுமல்லவா? இங்கேதான் சாதி குறுக்கிட்டது. இவர் முருகனாக நின்றால், தாங்கள் வள்ளியாக நிற்பது இழுக்கு என்று நடிகையர் சிலர் மறுத்துவிட்டனர். சபையோர் கைகூப்பிய முருகன் அவர். அவரோடு கைகோப்பது மட்டும் தீட்டாம்! அவர் குலத்தை மறைக்கவுமில்லை, மேடையை விட்டு ஓடவுமில்லை. தொடர்ந்து பாடினார். மறுத்தவர்களுக்கு அதைவிடச் சரியான பதில் வேறு இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேடையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் இருக்கிறதே, அதில் மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டைப் பாடுவார். கொக்கின் நிறம் வெள்ளை. அவ்வளவுதான், கூட்டத்துக்குப் பொருள் விளங்கிவிடும். முன்வரிசையில் அமர்ந்த போலீசாருக்கும் விளங்கியது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. தடை, கைது, சிறை என்று மாறி மாறி வந்தன. விடுதலையானால் மறுபடி அதே பாட்டு! அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் வ.உ.சி.யும் ஒருவர்.

சிறையிலிருக்கும் நாளில் நாடகமில்லை; நாடகமில்லாத நாளில் கூலியுமில்லை. புகழ் வளர்ந்த அளவுக்குக் கடனும் வளர்ந்தது. பாட்டை விட்டுவிட்டால் பிழைப்பு எளிதாகியிருக்கும், அவர் விடவில்லை.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் குரல் திடீரென நின்றது. நடிப்பு என்று நினைத்துச் சபை காத்திருந்தது. உயிர் பிரிந்துவிட்டது என்று தெரிய நேரமாயிற்று. முருகன் வேடத்தைக் கலைக்காமலே இறுதி ஊர்வலம் சென்றது.

அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் அரசு அவருக்கு நினைவு இல்லம் அமைத்திருக்கிறது. விருதுநகரிலிருந்து நாம் மதுரைக்குப் போவதும் அவ்வூர் வழியாகத்தான்.