'வா' என்றால் ஓடிய நாய், 'இந்தா' என்றால் திரும்பியது!

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் வழியில், ஒரு திராட்சைத் தோட்டத்துக் கல்தூண் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது அந்த நாய். ஏழெட்டு மாதம் இருக்கும். பின்னங்காலில் புண். வீட்டுக்குத் தூக்கி வந்தோம். கால்நடை மருத்துவரிடம் காட்டி புண்ணுக்கு மருந்து போட்டு, ரேபிஸ் தடுப்பூசியும் போட்டோம். என் மகள் அதற்கு 'சுருளி' என்று பெயர் வைத்தாள்.

மூன்றாவது வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். குமுளி சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் அதை அவிழ்த்துவிட்டேன். வரப்பில் ஒரு மயில் நடந்தது. அவ்வளவுதான், சுருளி பறந்துவிட்டது. "சுருளி, வா! டேய், வாடா!" என்று இருபது தடவையாவது கத்தியிருப்பேன். காது கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மயிலைத் துரத்தி நேராகச் சாலையில் ஏறியது. ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. மயிரிழையில் தப்பியது.

பத்து நிமிடம் கழித்து வாலை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தது. பயமும் கோபமும் சேர, கையிலிருந்த கயிற்றால் முதுகில் ஒன்று போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, அது ஓடுனதுக்கா அடிச்சீங்க? வந்ததுக்குல்ல அடிச்சீங்க!"

மறுநாள் காலையில் 'வா' என்றேன். சுருளி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதன் கணக்கு வேறு

நாய்க்குக் காரண காரியம் நம்மைப் போல நீளமாக ஓடாது. கடைசியாக என்ன செய்ததோ, அதற்குத்தான் பலன் கிடைத்ததாக அது நினைக்கும். ஓடியபோது மயிலும் சந்தோஷமும் கிடைத்தன. வந்தபோது அடி கிடைத்தது. அடுத்த முறை அது எதைத் தேர்ந்தெடுக்கும்?

தெருவில் வளர்ந்த நாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்று பழமொழியே வைத்திருக்கிற ஊர் நம் ஊர். ஒரு தெரு நாய் முன்னால் தரையை நோக்கிக் குனிந்து பாருங்கள். நீங்கள் கல்லே எடுக்க வேண்டாம், அதற்குள் அது நாலு வீடு தாண்டியிருக்கும். நாம் அன்பாகக் குனிந்து கூப்பிடுவதுகூட அதற்கு மிரட்டலாகப் படலாம். அதனால் நேருக்கு நேர் குனியாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வெறுங்கையை நீட்டுவது நல்லது.

ரத்தத்தின் குணமும் உண்டு. உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை, நாய்க்குப் பெயர் போன ஊர். 2020 ஆகஸ்ட்டில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் பாராட்டிய நாட்டு இனங்களில் கோம்பையும் ஒன்று. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் அது. சுருளியின் செம்பழுப்பு நிறத்தையும் கறுத்த மூஞ்சியையும் பார்த்தால் அந்த வாசனை தெரிகிறது. ஓடுவதைத் துரத்துவது அதற்குக் குறும்பு இல்லை, சுபாவம்.

புதுச் சொல், புதுக் கணக்கு

கெட்டுப்போன சொல்லைச் சரிசெய்வதைவிடப் புதுச் சொல்லில் தொடங்குவது சுலபம். நாங்கள் எடுத்த சொல் 'இந்தா'. 'வா' என்பது கட்டளை. 'இந்தா' என்றால் கொடுக்கிறேன் என்று அர்த்தம். அதைச் சுருளிக்காக மட்டும் 'இந்தாஆஆ' என்று ஒரு ராகம் போட்டு இழுத்தோம்.

முதல் வாரம் அதை எங்கேயும் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் பக்கத்தில் நின்று 'இந்தா' என்பது, உடனே வாயில் ஒரு துண்டு கோழிக்கறி வைப்பது. தினமும் நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டே நிமிடம். ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களிடம் கண்டது இதைத்தான்: ஒரு ஓசைக்குப் பின்னால் எப்போதும் உணவு வந்தால், அந்த ஓசை கேட்டதுமே எச்சில் ஊறத் தொடங்கிவிடும்.

கறி உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்ததாக இருக்கட்டும். முட்டையும் நல்லது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம் ஊர் திராட்சையைக் கொடுக்கவே கூடாது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. தோட்டத்தில் உதிர்ந்து கிடப்பதைத் தின்றுவிட்டாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

படிப்படியாக

அடுத்து முற்றம். நானும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். அதற்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பிறகு தோட்டம். இங்கேதான் கயிறு வந்தது. 30 அடி நூல் கயிறு. கழுத்தில் கட்டாமல் ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டையில் கட்டினோம். ஓடிப்போய்ச் சுண்டினாலும் கழுத்து நெரியாது. கயிறு இழுப்பதற்கு இல்லை. துரத்திப்போக முடியாமல் தடுப்பதற்கு மட்டும்தான்.

கவனத்தைக் கலைக்கும் விஷயங்களை வரிசையாக எழுதினோம். கீழ்ப்படியில் கோழி, நடுவில் ஆட்டு மந்தை, உச்சியில் மயில். ஆடு தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே கூப்பிடத் தொடங்கினோம். ஐந்து முறையில் நாலு முறையாவது உடனே திரும்பினால் கொஞ்சம் நெருங்குவோம். திரும்பாவிட்டால் அதைத் திட்டுவதில்லை. அவசரப்பட்டது நாங்கள்தான் என்று பின்வாங்குவோம்.

இதற்கிடையில் கற்றுக்கொண்ட நான்கு விதிகள்:

1. ஒரே முறைதான் கூப்பிட வேண்டும். பத்து முறை கூப்பிட்டால், முதல் ஒன்பதுக்கு மதிப்பில்லை என்று அது படித்துக்கொள்ளும். வராது என்று தெரிந்தால் கூப்பிடவே வேண்டாம். நடந்துபோய்க் கயிற்றைப் பிடியுங்கள்.

2. குளிப்பாட்டவும் ஊசி போடவும் கட்டிப்போடவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு நீங்களே பக்கத்தில் போய் அழைத்து வாருங்கள்.

3. வந்ததும் பட்டையைத் தொட்டு, தின்னக் கொடுத்து, 'போ' என்று திரும்ப விடுங்கள். 'சாப்பிட்டாத்தான் விளையாட்டு' என்று பாட்டிகள் சொல்வார்களே, அதையே அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமாக் ஆராய்ச்சியில் காட்டினார். பிடித்த வேலையைப் பரிசாக வைத்தால் மற்ற வேலையும் நடக்கும். வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

4. எவ்வளவு தாமதமாக வந்தாலும் அடிக்கவோ திட்டவோ கூடாது.

ஐந்தாவது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவர், அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்த ஒரு பெரியவர். ஒருநாள் சுருளி கயிற்றோடு கையைவிட்டு நழுவி ஓட, நான் பின்னாலேயே ஓடினேன். "தம்பி, பின்னாடி ஓடாதீக. நீங்களும் விளையாட வர்றீகன்னு அது இன்னும் ஓடும். அங்கிட்டுத் திரும்பி நீங்க ஓடுங்க, தன்னால வரும்" என்றார். திரும்பி ஓடினேன். வந்தது!

இதற்கும் எல்லை உண்டு

எவ்வளவு பழக்கினாலும் நாய் இயந்திரம் இல்லை. சாலை ஓரத்தில் சுருளியை இன்றும் கயிறில்லாமல் விடுவதில்லை. அய்யப்ப சீசனில் குமுளி சாலையில் வண்டிகள் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய்க்கு எந்தச் சொல்லும் காதில் ஏறாது. அந்த நாட்களில் வீட்டுக்குள்தான். கழுத்துப் பட்டையில் நம் செல்போன் எண் இருக்கட்டும்.

மலையடிவாரத்திலும் அவிழ்த்துவிடக் கூடாது. காடு நமக்கு எவ்வளவு பக்கம் என்பதை, 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களுக்குள் வந்தபோது பார்த்தோம். காட்டு விலங்கைத் துரத்தும் நாய், அது திருப்பித் துரத்தினால் நம்மை நோக்கித்தான் ஓடிவரும்.

அந்த ஒரு நொடி

ஆறு மாதம் கழித்து, அதே தோட்டம். வரப்பில் மயில். சுருளி சீறிக் கிளம்பியது. நீளக் கயிறு பின்னால் தரையில் இழுபட்டது. நான் ஓடவில்லை. வயிறு மட்டும் கலங்கியது. மகள்தான் ஒரே ஒரு தடவை, ராகம் பிசகாமல் கூப்பிட்டாள்: "இந்தாஆஆ!"

சுருளி நின்றது. மயிலைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. பிறகு காதுகள் பின்னால் படிய, எங்களை நோக்கி ஓடி வந்தது.

அன்று அதற்கு முழுசாக ஒரு அவித்த முட்டை. மகள் தோலுரித்துக் கொடுக்க, அது தின்பதைப் பார்த்துக்கொண்டே அதன் முதுகைத் தடவினேன். நான் கயிற்றால் அடித்தது அதே முதுகில்தான். இப்போது என் கை பட்டதும் அது ஒதுங்கவில்லை.