பறந்தால் போதாது, இறங்கவும் தெரிய வேண்டும்



விமானத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் ரைட் சகோதரர்கள் என்பார்கள். அது சரிதான். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் அவர்களுடைய விமானம் முதல் முறை 12 விநாடிகள், 120 அடி தூரம் பறந்தது. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சிறகு கட்டிக் காற்றில் இறங்கினார். அவர் பெயர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ்.

குர்துபாவின் அறிஞர்

இவர் முஸ்லிம் ஸ்பெயினின் ரோந்தாவில் பிறந்து தலைநகர் குர்துபாவில் வாழ்ந்தவர். கவிஞர். மணலையும் கல்லையும் கொண்டு கண்ணாடி செய்யும் முறையை அறிந்தவர். நீர்க்கடிகாரம் ஒன்றையும் அமைத்தார். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 875ஐ ஒட்டி, உடலில் இறகுகளைப் போர்த்தி, இரு சிறகுகளைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தார். சிறிது தூரம் பறக்கவும் செய்தார். ஆனால் இறங்கும்போது முதுகில் பலத்த அடி பட்டது. பறவை இறங்குவதற்கு வால் துணை செய்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதுகிறார். இப்னு ஃபிர்னாஸ் 887இல் காலமானார்.

விமானத்தைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று கைப்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அல்மக்கரி எழுதியது சுமார் 750 ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய குறிப்புகளைக் கொண்டுதான். உள்ளதை உள்ளபடி சொன்னாலே அவருக்குப் பெருமை இருக்கிறது. நிலவில் உள்ள ஒரு பள்ளத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அவருக்குப் பின் நிஷாப்பூரில் இன்னொருவர் முயன்றார். 'அஸ்ஸிஹாஹ்' என்ற புகழ்பெற்ற அரபு அகராதியைத் தொகுத்த அல்ஜவ்ஹரிதான் அவர். மதரஸாவில் அரபு இலக்கணம் ஓதியவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். மரச்சிறகுகளைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் கூரையிலிருந்து குதித்த அவர் உயிரிழந்தார் என்று நூல்கள் கூறுகின்றன.

வாலின் வேலை

நம் வீட்டு மாடியில் புறா வந்து அமர்வதைக் கூர்ந்து பாருங்கள். அமரும் முன் உடலை நிமிர்த்துகிறது. வாலை விசிறிபோல் விரிக்கிறது. சிறகுகளைக் காற்றுக்கு எதிராகத் தூக்கிப் பிடிக்கிறது. காற்றின் தடை கூடுவதால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தபோதும் உடல் குப்புறச் சாயாமல் இருக்க வால் உதவுகிறது. உம்ராவுக்குப் போனவர்கள் ஜன்னல் வழியே கவனித்திருக்கலாம். விமானம் இறங்குமுன் இறக்கையின் பின்புறத் தகடுகள் நீண்டு கீழே வளையும். அதுவும் இதே வேலைதான்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் நாரைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1889இல் நூல் எழுதினார். பிறகு சுமார் 2,000 முறை மிதவைச் சிறகுகளில் பறந்தார். 1896இல் கீழே விழுந்து இறந்தார். அவர் எழுதி வைத்ததைப் படித்தே ரைட் சகோதரர்கள் தொடங்கினார்கள். 1910இலேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்செலிஸ் பல்லாவரத்தில் விமானம் பறக்கவிட்டார். ஒருவர் தவறிய இடத்தை அடுத்தவர் அறிந்துகொண்டதால்தான் இந்தக் கலை வளர்ந்தது.

நம் மலையில் பறப்பவை

இந்தப் பாடத்தைப் பிறவியிலேயே பெற்ற உயிர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. பறக்கும் ஓணானுக்கு விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அவற்றின் மேல் உள்ள தோலை விரித்தால் சிறகாகும், மடித்தால் உடலோடு ஒட்டிக்கொள்ளும். பறக்கும் அணிலுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தோல் விரிப்பு உண்டு. இரவில்தான் வெளியே வரும். பறக்கும் தவளைக்கோ விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வே சிறகு.

இவை பறவையைப் போல மேலே எழும்பாது. ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்துக்குச் சறுக்கி வரும். அடிமரத்தை நெருங்கியதும் அணில் உடலை நிமிர்த்துகிறது. விரிந்த தோல் குடைபோலக் காற்றைப் பிடிக்கிறது. நான்கு கால்களாலும் மரத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு மீண்டும் மேலே ஏறி அடுத்த பயணம். இடையில் மரம் இல்லாவிட்டால் தரைக்குத்தான் வர வேண்டும். தரையில் நாய்க்கும் பூனைக்கும் வண்டிக்கும் இரையாகும்.

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஏல வியாபாரமும் நம் ஊரின் பிழைப்பு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால்தான் தோட்டங்களில் பெரிய மரங்கள் நிற்கின்றன. ஏலப்பூ ஒரு நாள்தான் நிற்கும். அதற்குள் தேனீ வர வேண்டும். பெரிய மரங்களும் பொந்துகளும் தேனீக்கும் வீடு. ஆக, பறக்கும் உயிர்கள் இறங்க ஒரு மரம் விடுவது, நம் காய் பிடிப்புக்கும் சேர்த்து விடுவதுதான்.

நாம் செய்யக்கூடியது

தோட்டம் உள்ளவர்களும் குத்தகைக்கு எடுத்தவர்களும் நிழல் மரக் கவாத்தின்போது கிளையைக் கழிப்பதோடு நிறுத்துங்கள். மரத்தையே சாய்த்துவிட வேண்டாம். ஒரு மரம் பட்டுப்போனால் அந்த இடைவெளியில் நாட்டு மரம் ஒன்றை நடுங்கள். வேலைக்குப் போகும் சகோதரர்கள் பறக்கும் ஓணானையோ அணிலையோ கண்டால் கல்லெறியாமல் விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குடையையோ போர்வையையோ பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கும் விளையாட்டை அனுமதிக்காதீர்கள். அகராதி தொகுத்த பேரறிஞரையே அந்தக் குதிப்பு பலிகொண்டது. அதே பிள்ளை பருந்து எப்படிச் சிறகடிக்காமல் வட்டமிடுகிறது என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். சூரத்துல் முல்க்கும் நம்மைப் பறவைகளைப் பார்க்கச் சொல்கிறது. பார்ப்பது என்றால் அவை அமரும் வரை பார்ப்பது.

வஸ்ஸலாம்.
செயலாளர்