முறுவலும் ஒரு முதல்

நந்திதுர்க்கில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்குச் சிரிப்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கல்லாவில் உட்கார்ந்து பல ஆண்டுகள் பலர் முகம் பார்த்தவன் என்பதுதான் தகுதி.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அது பிறக்கும் இடங்கள். எங்கள் சமண நூல்களோ சிரிப்பை 'ஹாஸ்யம்' என்று ஒன்பது நோகஷாயங்களில் ஒன்றாகச் சொல்கின்றன. அதாவது வினையைச் சேர்க்கும் சிறு உணர்ச்சி. அப்படியானால் சமணன் சிரிக்கலாமா? அருகன் திருவுருவத்தைப் பாருங்கள். பல் தெரியாது, இதழில் சாந்தம் இருக்கும். எள்ளல் கட்டும், முறுவல் அவிழ்க்கும் என்பதே என் சிற்றறிவுக்கு எட்டியது.

விஞ்ஞானமும் இதை ஆராய்ந்திருக்கிறது. மெய்யான சிரிப்பில் வாயோரத் தசையோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று 1862இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் எழுதினார். 19 நாடுகளில் 3,878 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. வேண்டுமென்றே முகத்தைச் சிரிப்பாக வைத்தாலும் மகிழ்ச்சி சற்றுக் கூடுகிறதாம். சற்றுத்தான், அதையே மருந்தாக நம்பிவிடக் கூடாது.

இனி என் அனுபவம். 28-2-2001 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. கடையில் கடன் புத்தகம் பெருத்தது. எனக்கும் கொள்முதல் பாக்கி. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டால் யாரும் கடன் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "இன்னா நயினாரே, மைன்ஸ மூடிட்டா மூஞ்சியையும் மூடிக்கணுமா? கடன் குடுக்காட்டி போவுது, வான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். வெட்கமாகப் போயிற்று. இடுக்கண் வரும்போது நகச் சொன்ன வள்ளுவர், பிறர் துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. தன் துன்பத்தைப் பார்த்துத்தான் சிரிக்கச் சொன்னார் என்று அன்றைக்கு விளங்கியது.

அதன்பின் நான் பழகிக்கொண்ட வழிகள் சில:

கடை திறந்ததும் முதலில் வருபவர் தீப்பெட்டிக்கு வந்தாலும் பெயர் சொல்லி முறுவலோடு கூப்பிடுங்கள். கணக்கைப் பார்க்குமுன் முகத்தைப் பாருங்கள்.

நாளுக்கு ஒரு முறையாவது தன் தப்பைச் சொல்லிச் சிரியுங்கள். பிறர் குறையைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

விடியுமுன் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளை வாசலில் நின்று சிரித்த முகமாக அனுப்புங்கள். அவர்கள் இருட்டித்தான் திரும்புவார்கள்.

துக்கத்தோடு வந்தவரிடம் சிரிக்கவே வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

அந்தப் பெரியவர் கணக்கு பழைய புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. நான் இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. பாக்கிக்காரன் நான்தான் என்று தோன்றுகிறது.