பதினைந்தா, நாற்பத்தைந்தா?

திருப்பூரில் துணிக்கு காம்பேக்டிங் செய்து கொடுப்பவருக்கும், கோவை கணபதியில் பம்புக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுப்பவருக்கும் கவலை ஒன்றுதான். சரக்கு போய்ச் சேர்ந்தாயிற்று, பணம் எப்போது வரும்?

அதற்குச் சட்டத்தில் கெடு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் இந்தக் கெடு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவுக்குள்ளும் நுழைந்தது. கெடு தாண்டிக் கொடுத்த பணத்தை, கொடுத்த ஆண்டின் செலவாகத்தான் காட்ட முடியும்.

ஆகவே வாங்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர் பில்லுக்குப் பில் கெடுத் தேதியைச் சொல்லியாக வேண்டும். தகவல் தளத்திடம் இதைக் கேட்கும் மொழி எஸ்க்யூஎல். பெயர் ஒன்றானாலும், தேதிக் கணக்கில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வழக்கு.

2024 பிப்ரவரி 20 அன்று வார்ப்பு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் என்ற தளங்களில் தேதியோடு 45ஐக் கூட்டினால் ஏப்ரல் 5 என்று சரியாக வரும். மைஎஸ்க்யூஎல்லில் அப்படியே கூட்டினால் அது தேதியை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு 20240265 என்கிறது. பிப்ரவரி 65! அங்கே டேட்_ஆட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இந்தத் தப்பு பார்த்ததும் தெரிந்துவிடும், திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தப்புதான் ஆளைக் கவிழ்க்கும். ‘ஒப்பந்த நாள், 45 இரண்டில் சிறியதை எடு, ஒன்றும் கிடைக்காவிட்டால் 15 போடு’ என்று லீஸ்ட், கோலெஸ் என்ற இரண்டு ஃபங்ஷன்களை வைத்து ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒப்பந்தம் இல்லாத பில்லில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அதற்கு நல் என்று பெயர். மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் ஒன்று நல் என்றால் லீஸ்டின் விடையும் நல். ஆகவே 15 விழும். போஸ்ட்கிரஸோ நல்லை ஒதுக்கிவிட்டு மிச்சமிருக்கும் 45ஐத் தருகிறது. 2022 பதிப்பில் லீஸ்ட் வந்த எஸ்க்யூஎல் சர்வரும் அப்படித்தான். எழுத்து மாறாத அதே வரி ஓர் இடத்தில் மார்ச் 6 என்றும், இன்னோர் இடத்தில் ஏப்ரல் 5 என்றும் சொல்கிறது. எந்தத் தளமும் பிழை என்று எச்சரிக்காது.

ஏப்ரல் 5 என்பதை நம்பி ஏப்ரல் 3 அன்று பணம் அனுப்பினால், சட்டப்படி 28 நாள் தாமதம். வாங்கியவருக்கு அந்த ஆண்டுச் செலவுக் கணக்கு கைவிட்டுப் போகிறது. அந்த 28 நாளும் ஆளுக்குக் கூலியும் கரண்ட் பில்லும் கையிலிருந்து கட்டியவர் பட்டறைக்காரர். அவருக்குத்தான் இது பெரிய இழப்பு.

சுருக்க வரியை விட்டு, நிபந்தனையை விரித்து எழுதுவதே நல்லது. கேஸ் வென் என்ற அமைப்பு இந்தத் தளங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடக்கும்: கட்டம் காலி என்றால் 15, 45க்கு மேல் என்றால் 45, இல்லையென்றால் எழுதியிருக்கும் நாள். எத்தனை நாள் என்பதை இப்படி முடிவு செய்துவிட்டு, தேதியோடு கூட்டும் கடைசிப் படியை மட்டும் அந்தந்தத் தளத்தின் வழக்குக்கு மாற்றினால் போதும்.

நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு. சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொன்னால், அந்தக் குறையைத் தீர்த்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். அதனால் செலான் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு தேதிக் கட்டமும் வேண்டும். புது மென்பொருளுக்கு மாறும் கணக்கர் நான்கு பில்களைப் போட்டுப் பார்க்கட்டும்: ஒப்பந்தம் இல்லாதது, 30 நாள், 60 நாள், குறை சொல்லித் தீர்த்தது. முதல் பில்லுக்கு 45 நாள் கெடு வந்தால், பட்டியலை அங்கேயே நிறுத்திவிட்டு நிரல் எழுதியவரைக் கூப்பிட வேண்டும்.